இடது மூலைக்குப் போகும் கை: விண்டோஸ் முகம் மாறும்போது எழும் இரு குரல்கள்

திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும் வழியில், போட்டோக்கொப்பி, ரைப்பிங், லமினேற்றிங் என்று மூன்றையும் ஒரே மேசையில் செய்து கொடுக்கும் சிறிய கடையொன்று இருக்கிறது. கடைக்குப் புதுக் கணினி வந்த முதல் வாரத்தில், அங்கே பல வருடங்களாக வேலை செய்யும் அக்கா, மூதூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவரின் காணி விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். மௌஸைப் பிடித்த கை, கண்ணைக் கேளாமலே, திரையின் இடது கீழ்மூலைக்குப் போனது. அங்கே ஸ்டார்ட் பொத்தான் இல்லை. வெயிலும் மேகமும் வரைந்த சின்னம் ஒன்று இருந்தது. மௌஸ் அதில் பட்டதும் வானிலையும் செய்திகளும் நிறைந்த பலகையொன்று திரையின் பெரும்பகுதியை மூடிக்கொண்டு விரிந்தது. அதை மூடினார், அடுத்த நிமிடமே கை மீண்டும் அதே மூலைக்குப் போனது. “இருங்க நானா, மழை வருமோ எண்டு இது சொல்லி முடியட்டும்” என்றார். பெரியவர் சிரித்தார், ஆனால் அவருடைய கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது.

அதே கடையில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை உதவிக்கு நிற்கும் தம்பிக்கு இந்தக் கணினியில் ஒரு குறையும் தெரியவில்லை. யன்னலைப் பெரிதாக்கும் பொத்தானில் மௌஸை வைத்தால், திரையை எப்படிப் பங்கிடலாம் என்று சிறு கட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டதும் ஒருபக்கம் படிவமும் மறுபக்கம் அடையாள அட்டையின் படமும் ஒழுங்காக வந்து உட்காருவதை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். மேசை ஒன்று, திரை ஒன்று, கருத்து இரண்டு.

இப்படிப்பட்ட வேறுபாட்டைப் புதுமைக்கு அஞ்சுகிறவர்கள், புதுமையை விரும்புகிறவர்கள் என்று இரு கட்சியாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். எனக்கு அந்தப் பிரிப்பில் நம்பிக்கை இல்லை. அந்த அக்கா கைத்தொலைபேசியில் புதிதாக வரும் எதையும் தம்பிக்கு முன்னரே பழகிவிடுகிறவர். புதிய இயங்குதளம் ஒன்று வரும்போது ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள், எல்லோரும் ஒன்றைப் பற்றியே பேசுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம் என்பதுதான் என் கருத்து. தம்பி திரையைப் பற்றிப் பேசுகிறார். அக்கா தன் கை கற்று வைத்திருக்கும் வேலையைப் பற்றிப் பேசுகிறார். கடை முதலாளியைக் கேட்டால் அவர் காசைப் பற்றிப் பேசுவார். இவை மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ‘கலவையான வரவேற்பு’ என்ற சொற்றொடர் கிடைக்கும். அதிலிருந்து எவருக்கும் எதுவும் விளங்காது.

நமது பாடப்புத்தகங்கள் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தைப் ‘பணிசெயல் முறைமை’ என்கின்றன. கடைகளில் அந்தச் சொல்லைக் கேட்க முடியாது. ‘விண்டோஸ் அடிக்க வேண்டும்’ என்பார்கள். வண்டிக்குப் பெயின்ற் அடிப்பது போன்ற இந்தப் பேச்சு ஒருவகையில் பொருத்தமானது. கோப்புகளைக் காப்பது, நினைவகத்தைப் பங்கிடுவது, பிரின்டருடன் பேசுவது என்று இயங்குதளம் உள்ளே செய்யும் வேலை எத்தனை மாறினாலும் எவரும் அதைப் பற்றி வாதாடுவதில்லை. வாதம் எழுவதெல்லாம் வெளிப்பூச்சைத் தொடும்போதுதான்.

இதனை விளங்கிக்கொள்ள 2012க்குத் திரும்ப வேண்டும். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95 முதல் 2009இல் வந்த விண்டோஸ் 7 வரை, நிறமும் வடிவமும் எவ்வளவு மாறினாலும், ஸ்டார்ட் பொத்தான் இடது கீழ்மூலையை விட்டு நகரவில்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதன் நீலப் பட்டையையும் பச்சைப் பொத்தானையும் விளையாட்டுப் பொருள் போல் இருக்கிறதென்று கேலி செய்தவர்கள் பலர். ஆனால் என் வயதினர் பலர் இந்த ஊரில் முதன்முதலாகக் கணினியைத் தொட்டது 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பின்னர், வகுப்புகளில், அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தித்தான். எங்களுக்கு அது கேலிக்குரியதாகத் தெரியவில்லை. கணினி என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். ஒரு தலைமுறை நக்கலடித்த முகம் அடுத்த தலைமுறைக்குத் தாய்வீடாகிவிட்டது. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திய பிறகும் அதை விடமாட்டோம் என்று நின்றவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

2012 ஒக்டோபர் 26 அன்று வந்த விண்டோஸ் 8 அந்தப் பொத்தானையே அகற்றியது. கணினியைப் போட்டதும் திரை முழுவதும் வண்ணச் சதுரங்கள் நிறைந்தன. பழைய டெஸ்க்டொப் அந்தச் சதுரங்களில் ஒன்றாகச் சுருங்கியது. கணினியை அணைப்பதற்கு மௌஸைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளிப்படும் பட்டையில் செற்றிங்ஸைத் தொட்டு, பவரைத் தொட்டு, அதற்குள் இருந்த ஷட்டவுனைத் தொட வேண்டியிருந்தது. அணைக்கும் வழியைத் தேடிக் களைத்துச் சுவரில் இருந்த சுவிட்சையே தட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மாற்றம் கண்மூடித்தனமாகச் செய்யப்பட்டதல்ல என்பதே இதில் கவனிக்க வேண்டியது. 2010இல் அப்பிளின் ஐபேட் (iPad) வந்ததும், விரலால் தொடும் திரைகளே இனி உலகை ஆளும் என்ற அச்சம் கணினித் துறையைப் பிடித்திருந்தது. அதோடு, பாவனையாளர்கள் எதைத் தொடுகிறார்கள், எத்தனை முறை தொடுகிறார்கள் என்று அவர்களின் சம்மதத்துடன் திரட்டிய தரவுகள் மைக்ரோசொப்டிடம் குவிந்திருந்தன. விண்டோஸ் 7இல் அடிக்கடி தேவைப்படும் புரோகிராம்களைத் திரையின் அடியில் உள்ள டாஸ்க்பார் பட்டையிலேயே குத்தி வைக்கும் வசதி வந்ததும், ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்துவிட்டது என்று அந்தத் தரவுகள் காட்டின. இதை 2011இல் அந்த நிறுவனமே எழுதி விளக்கியது. குறைவாகப் பயன்படும் பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் புதியதற்குக் கொடுப்பதில் என்ன தவறு என்பதே அவர்களின் தர்க்கம்.

தவறு எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கையை வாசித்த விதத்தில் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு நமது வளவுகளில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது குறைந்துவிட்டது. யாராவது கணக்கெடுத்தால் ஒரு மாதத்தில் இரண்டு நாள்கூடத் தேறாது. அதற்காகக் கிணற்றை மூடியவர் எவருமில்லை. குழாயில் காற்று மட்டும் வரும் நாளில் அயலார் எல்லாம் வாளியோடு அங்கேதான் நிற்பார்கள். ஸ்டார்ட் மெனுவும் அப்படிப்பட்டதுதான். வழக்கமான வேலைக்கு அது தேவையில்லை; தேடியது கிடைக்காதபோது, வழி தெரியாதபோது, எல்லோரும் போய் நிற்கும் இடம் அது. இன்னொன்றும் உண்டு. அந்தத் தரவுகள் இணையத்தின் வழியே போய்ச் சேர்ந்தவை. இணைய இணைப்பே இல்லாமல், பென்டிரைவில் வரும் கோப்புகளை மட்டும் திறந்து பிரிண்ட் கொடுத்துக்கொண்டிருந்த கணினிகள் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வழியில்லை. உள்துறைமுக வீதிப் பக்கத்துக் கடையொன்றில் ஒரு கை எங்கே போகிறது என்பது அங்கே எவருக்கும் தெரிந்திருக்காது.

விளைவு தெரிந்ததே. விண்டோஸ் 8ஐ வழிநடத்திய ஸ்டீவன் சினோவ்ஸ்கி, அது வெளிவந்து மூன்று வாரங்களுக்குள் நிறுவனத்தை விட்டு விலகினார். 2013 ஒக்டோபர் 17 அன்று வந்த 8.1இல் பொத்தான் திரும்பியது. ஆனால் அதைத் தொட்டால் திறந்தது மெனு அல்ல, அதே சதுரங்கள். உண்மையான மெனு 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10உடன்தான் வந்தது. ஒன்பது என்ற எண்ணையே தாண்டி, எட்டிலிருந்து பத்துக்குக் குதித்ததில் அந்தப் பழைய நினைவிலிருந்து விலகி ஓடும் அவசரமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

மூலைக்கு ஏன் இத்தனை முக்கியம்? 1954இல் போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கை ஓர் இலக்கை அடைய எடுக்கும் நேரம் அந்த இலக்கின் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று ஒரு விதியை வகுத்தார். கணினித் திரையின் மூலை இந்த விதிப்படி ஒரு விசேடமான இடம். மௌஸை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் சுட்டி திரைக்கு வெளியே போகாது. இரு விளிம்புகளும் அதைத் தடுத்து மூலையிலேயே நிறுத்திவிடும். அதனால் மூலையில் இருக்கும் பொத்தானை அடையக் கண் தேவையில்லை. சுவர் வரை தெரிந்த வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுவது போல, கை தானே போய்விடும்.

2021 ஒக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11 அந்தப் பொத்தானைத் திரையின் நடுப்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. அகன்ற திரைகளில் கண் நடுவில்தான் இருக்கிறது, இடது மூலை வெகுதூரம் என்பது இதற்குச் சொல்லக்கூடிய நியாயம். அதை மறுக்க முடியாது. ஆனால் நடுவிலும் அது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. சின்னங்கள் எல்லாம் ஒன்றாக நடுவில் நிறுத்தப்படுவதால், இன்னுமொரு புரோகிராமைத் திறந்ததும் வரிசை நீண்டு, ஸ்டார்ட் பொத்தான் சற்று இடப்பக்கம் தள்ளப்படும்; மூடினால் வலப்பக்கம் வரும். அசையும் இலக்கைக் கையால் மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் கண்ணைக் கேட்டாக வேண்டும்.

இங்கே நமக்கேயுரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸைத் தமிழ் முகப்புடன் பாவிக்க வழியுண்டு. ஆயினும் நான் போய்வந்த கடைகளிலும் வகுப்புகளிலும் முகப்பு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வாசிக்காத ஒருவர் பத்து வருடம் அந்த முகப்பில் வேலை செய்தால், அவர் மெனுவில் உள்ள சொற்களை வாசிப்பதில்லை; மேலிருந்து எத்தனையாவது வரி என்று எண்ணுவதுமில்லை; கை போகும் தூரத்தை வைத்து வேலை செய்கிறார். இடமே அவருக்கு மொழி. ஆங்கிலம் சரளமானவருக்கு ஒரு வரி வேறிடத்துக்குப் போனால் அரை நிமிட எரிச்சல். தேடி வாசித்துக் கண்டுபிடித்துவிடுவார். இவருக்கோ ஒரு சொல்லையே பறிகொடுத்தது போல. விண்டோஸ் 11இல் கோப்பொன்றின்மேல் வலது கிளிக் செய்தால் வரும் மெனு சுருக்கப்பட்டு, வெட்டுதல், கொப்பி, பெயர்மாற்றம் ஆகியவை சொற்களை இழந்து வெறும் சின்னங்களாயின. பிரிண்ட் போன்றவை ‘மேலும் தெரிவுகள்’ என்ற பொருள்படும் கடைசி வரிக்குள் ஒதுங்கின. சொல் போய்ச் சின்னம் வந்தது ஆங்கிலம் தெரியாதவருக்கு வசதிதானே என்று கேட்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆம். பழகியவருக்கு அது எழுத்தும் மாறி இடமும் மாறிய புத்தகம். 2024இல் வந்த பதிப்பில் அந்தச் சின்னங்களுக்குக் கீழே மீண்டும் சொற்களைப் போட்டார்கள் என்பதிலிருந்து, இந்தக் குறை நம்மவருக்கு மட்டும் இருந்ததல்ல என்று தெரிகிறது.

இப்படிப் பறிபோய்த் திரும்பிய வேறு வசதிகளும் உண்டு. விண்டோஸ் 11இன் வடிவம், 2021 மே மாதத்தில் கைவிடப்பட்ட விண்டோஸ் 10எக்ஸ் என்ற வேறொரு முயற்சியிலிருந்து பெருமளவு எடுக்கப்பட்டது. டாஸ்க்பார் புதிதாக எழுதப்பட்டது. பழையதைத் திருத்தாமல் புதிதாக எழுதும்போது, இருபத்தைந்து வருடமாக யார் யாருக்காகவோ சேர்த்து வைத்த சின்னச் சின்ன வசதிகள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமற் போகும். கோப்பை இழுத்து டாஸ்க்பாரில் விடும் வசதி அடுத்த ஆண்டு திரும்பியது. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பையும் பெயருடன் தனித்தனியே காட்டும் வசதி 2023இன் பிற்பகுதியில் திரும்பியது. ஒரே நேரத்தில் எட்டுப் பேருடைய விண்ணப்பங்களைத் திறந்து வைத்திருக்கும் ரைப்பிங் கடைக்கு, எட்டும் ஒரே சின்னத்துக்குள் மடிந்து கிடப்பதற்கும் எட்டுப் பெயர்களாக வரிசையில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. கிண்ணியாக்காரரின் காணியுறுதி தம்பலகாமத்துக்காரரின் கையில் போய்விடக்கூடாதல்லவா!

ஆனால், எதிர்ப்பெல்லாம் பழக்கத்தால் வருவது, இரண்டு மாதத்தில் அடங்கிவிடும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டக்கூடிய சம்பவமொன்றும் உண்டு. 2007 ஜனவரியில் வந்த விண்டோஸ் விஸ்டாவுக்குக் கெட்ட பெயர் வந்தபோது, மைக்ரோசொப்ட் 2008இல் விஸ்டாவைப் பாவித்திராத சிலரை அழைத்து, ‘மொஹாவி’ என்ற பெயரில் இனி வரவிருக்கும் இயங்குதளம் இது என்று சொல்லி விஸ்டாவையே காட்டியது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், பிறகுதான் நிறுவனம் அவர்களுக்கு உண்மையைச் சொன்னது. விளம்பரமாக அது கெட்டித்தனமானது. எனினும் அதை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். அவர்களுக்குக் காட்டப்பட்டது நன்றாகத் தயார்செய்த கணினி. பக்கத்தில் இருந்து இயக்கிக் காட்டியவர் அதை அறிந்த ஒருவர். தங்கள் வீட்டுப் பழைய பிரின்டரை அவர்கள் அதில் பொருத்திப் பார்க்கவில்லை. விஸ்டா மீதான முறைப்பாடுகளில் பெரும்பகுதி அந்தப் பிரின்டரையும், வேகம் குறைந்த கணினியையும், எதைச் செய்தாலும் அனுமதி கேட்டு எழும் பெட்டியையும் பற்றியதாக இருந்தது. காட்சிக்கு வைத்த வீட்டைப் புகழ்வதும், குடியிருக்கும் வீட்டின் ஒழுக்கைப் பற்றி முறையிடுவதும் ஒரே மனிதரால் ஒரே நாளில் செய்யக்கூடியவை.

குடியிருக்கும் வீடு என்று பேசினால் காசைப் பேசாமல் இருக்க முடியாது. விண்டோஸ் 11, முகத்தை மாற்றியதோடு நிற்காமல், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சிப்பையும், கணினியின் மூளையான புரோசசர் இன்டெல் நிறுவனத்தினது என்றால் ஏறக்குறைய 2017இன் பிற்பகுதியில் தொடங்கிய எட்டாம் தலைமுறைப் புரோசசர்களையோ அதற்குப் பிந்தியவற்றையோ கேட்டது. இரகசியச் சாவிகளைத் தீநிரல்களுக்கு எட்டாத இடத்தில் வைத்திருப்பதற்கே அந்தச் சிப். அதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிபந்தனை நம்மை வந்தடைந்த நேரத்தைப் பாருங்கள். 2021 ஒக்டோபரில் இயங்குதளம் வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி ‘தகுதியற்றது’ என்று திரையில் சொன்ன அதே மாதங்களில், மாற்றுக் கணினியின் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த ஆண்டில் இந்த ஊரில் விண்டோஸ் 11ஐப் பற்றிக் கேட்டிருந்தால் எவரும் அதன் வட்டமான மூலைகளைப் பற்றியோ மென்மையான நிறங்களைப் பற்றியோ பேசியிருக்க மாட்டார்கள்.

பழைய கணினியிலும் நிபந்தனையைத் தாண்டிப் புதிய விண்டோஸை அடித்துக் கொடுக்கும் வழிகளைத் திருத்துநர்கள் அறிவார்கள். தகுதியற்ற கணினிகளுக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. அதற்கு ஒரு திருத்துநர் எனக்குச் சொன்ன பதில் இது: கடற்காற்றின் உப்பு மதர்போர்ட்டை அரிப்பதற்கு முன் மைக்ரோசொப்ட் கைவிட்டால் அப்போது யோசிப்போம். இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. நம்மிடையே ஓடும் விண்டோஸ்கள் பலவற்றுக்கு எவரும் காசு கொடுத்ததில்லை. வாங்காத பொருளைப் பற்றி முறைப்பாடு செய்வதில் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. அது வெளிவந்த ஆண்டில், இதுவே கடைசி விண்டோஸ் என்று அந்நிறுவன ஊழியர் ஒருவர் மேடையில் சொன்னதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இது இரட்டை ஏமாற்றம். வீட்டுப் பாவனையாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டிருக்கின்றன: முப்பது டொலர் கட்டலாம், அல்லது அமைப்புகளை ஒன்ட்ரைவ் என்ற அவர்களின் இணையச் சேமிப்பிடத்தில் சேமிக்கச் சம்மதிக்கலாம், அல்லது அவர்களின் வெகுமதித் திட்டத்தில் ஆயிரம் புள்ளிகளைக் கொடுக்கலாம். முதலாவதைத் தவிர மற்ற இரண்டும் இலவசம் போலத் தோன்றினாலும், மைக்ரோசொப்ட் கணக்கொன்று இல்லாமல் மூன்றில் எதையும் பெற முடியாது.

இவ்வளவு சண்டைக்கும் நடுவே, எவர் கண்ணிலும் படாமல் நடந்த மாற்றமொன்று நமது எழுத்தைப் பற்றியது. விண்டோஸ் 2000 தமிழ் யுனிகோடையும், அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே தனி எண்ணைத் தரும் முறையையும், ‘லதா’ என்ற எழுத்துருவையும் கொண்டுவந்தது. விண்டோஸ் 7உடன் ‘விஜயா’ வந்தது. உலகமே திட்டித் தீர்த்த விண்டோஸ் 8தான் ‘நிர்மலா’வைக் கொண்டுவந்தது, திரையில் சிறிய அளவிலும் கண்ணை உறுத்தாமல் வாசிக்க முடிந்த தமிழ் அது. ஆனால் அதற்காக விண்டோஸ் 8ஐ எவரும் பாராட்டியதாக நினைவில்லை, நான் உட்பட.

பாராட்டாததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில் நமது கடைகளில் தமிழ் என்றால் பாமினி. பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு. ஆங்கில எம் விசையைத் தட்டினால் ‘அ’, கே விசையைத் தட்டினால் ‘ம’, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். ஆகவே, புதிதாக விண்டோஸ் அடிக்கக் கொடுக்கும்போது கடைக்காரர் முதலில் சொல்வது “பாமினியை மறக்காமல் போட்டுவிடுங்கோ” என்பதுதான்.

யுனிகோடுக்கு மாறியவர்களுக்கும் ஒரு பொறி காத்திருந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் இயல்பாகவே கூட வருவதில்லை; தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுதியாக, வேண்டுமென்றால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும்படி ஒதுக்கப்பட்டன. சிங்களத்தின் ‘இஸ்கோல பொத’வுக்கும் அதுவே நேர்ந்தது. லதாவில் பல வருடங்களுக்கு முன் அமைத்த கடிதத்தைச் சுத்தமாக அடித்த புதிய விண்டோஸில் திறந்தால், வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து நிற்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் வேறிடத்தில் உடையும். இரண்டு பக்கத்துக்கென்று அளந்து செய்த படிவத்தில் கையொப்பக் கோடு எங்கேயோ போய் நிற்கும். மூன்று மொழிகளும் ஒரே தாளில் வரவேண்டிய இந்த ஊரில் இதை ஒவ்வொரு படிவமாகச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் பொத்தான் நகர்ந்ததற்கு எழுதியவர்கள் ஆயிரம் பேர். இதற்காக எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். நம் பக்கத்தில் நியாயமான கோபம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

விண்டோஸுக்கு வெளியேயும் கதை இதேதான். 2011இல், லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் முகப்புகளில் ஒன்றான குனோம் 3 வந்தபோது, லினக்ஸின் கருவை எழுதிய லைனஸ் டோர்வால்ட்ஸே அதை வெளிப்படையாகச் சாடிவிட்டு வேறொன்றுக்கு மாறினார். பின்னர் குனோமுக்கே திரும்பினார். அங்கே ஒரு வேறுபாடு என்னவென்றால், மூலநிரல் திறந்திருப்பதால், பிடிக்காதவர்கள் பழையதை எடுத்து மேட் என்ற பெயரில் தொடர்ந்து பராமரிக்க முடிந்தது. அப்பிள் 2025இல் கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் தோற்றத்தைத் தன் எல்லாச் சாதனங்களுக்கும் கொண்டுவந்தபோது, பின்னால் உள்ள படம் எழுத்தை விழுங்குகிறது என்ற முறைப்பாடு எழுந்து, சில மாதங்களில் அந்த ஊடுருவலைக் குறைக்கும் தெரிவையும் சேர்த்தார்கள். அந்தத் திரையில் தமிழை வாசித்துப் பார்த்தால், வெளிச்சமான படத்தின் மேல் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான்.

கடைக்குத் திரும்புவோம். இரண்டாம் வாரத்தில் தம்பி செற்றிங்ஸைத் திறந்து, டாஸ்க்பாரின் சின்னங்களை நடுவிலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டார்ட் பொத்தான் மூலைக்குப் போனது, வானிலைச் சின்னம் வலப்பக்கம் ஒதுங்கியது, அக்காவின் கை பழையபடி கண்ணைக் கேளாமல் ஓடத் தொடங்கியது. இப்போது அவரே படிவத்தையும் அடையாள அட்டையையும் பக்கம் பக்கமாக நிறுத்தி வேலை செய்கிறார். அது நல்ல வசதி என்பதை, தம்பி இல்லாத நேரத்தில், ஒப்புக்கொண்டார்.

பழைய கணினி போய்விடவில்லை. மேசைக்குக் கீழே, தூசு படாமல் சேலைத்துண்டொன்றால் மூடி வைத்திருக்கிறார்கள். அதற்கு இணைய இணைப்பு இல்லை. பழைய பிரின்டர் அதனோடு மட்டுமே பேசுகிறது. பாமினியிலும் லதாவிலும் அமைத்த படிவங்கள் ஒரு போல்டர் நிறைய அதற்குள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் புதிய கணினிக்கு மாற்றித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். பெறுபேறு வந்து அவர் கம்பஸுக்குப் போவதற்கு முன் அது முடியுமா என்பதுதான் அக்காவின் கவலை.